மார்லிங் எண்டில் கோயில் இருந்ததா?

1986ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லண்டன் ஹெரன் குளோஸில் பஸ்தியாம்பிள்ளை வீட்டுக் குசினிக்குள் இரண்டு குடிவரவு அதிகாரிகளாலும் ஒரு பொலிஸ்காரராலும் நுழைய முடியவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. ஒருவரும் மறிக்கவில்லை. அவர்கள் தேடி வந்த சூசைதாசன், வெங்காயம் உரித்த கையோடு, அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் வெளிறிப்போய் நின்றான். முதல் அதிகாரி வாசல் வரைக்கும் வந்து வலது காலைத் தூக்கினார். தூக்கிய காலை வைக்க இடம் கிடைக்கவில்லை. தோளால் தள்ளிப் பார்த்தார், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார், இரண்டாமவரையும் கூப்பிட்டுச் சேர்ந்து தள்ளிப் பார்த்தார். பொலிஸ்காரர் தன்னை அறியாமலே தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மூவரும் வீட்டுக்காரி மேரிறோஸிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, காரில் ஏறிப் போனார்கள். அன்று மழையும் இல்லை, பெரிய குளிரும் இல்லை.

சூசைதாசன் மேரிறோஸின் ஒரே தம்பி. மன்னாரின் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து முந்தின வருடம் வந்தவன். அகதி விண்ணப்பத்தை விசாரித்தவர் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்க, இவன் திகதிகளை மாற்றி மாற்றிச் சொல்லி, கடைசியில் இவன் சொன்னது ஒன்றும் நம்பத்தக்கதல்ல என்று முடிவாகிவிட்டது. அப்பீலும் போயிற்று. பிடித்தால் நேரே விமானம்தான். ஊரில் இராணுவம் அவனுடைய வயதுப் பையன்களை வீடு வீடாக வந்து அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. போனவர்களில் திரும்பியவர்கள் சொற்பம், திரும்பியவர்களிலும் பேசக்கூடியவர்கள் அதைவிடச் சொற்பம். அவனோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்த அருள்நேசனைக் கடற்கரையிலேயே சுட்டுப் போட்டிருந்தார்கள். ஆகவே அந்தக் குசினியின் வாசல் தாங்குமா தாங்காதா என்பது சூசைதாசனுக்கு உயிர்ப்பிரச்சினை. அன்று மத்தியானமே அவன் குசினிக்குள் பாயைக் கொண்டுவந்து போட்டான்.

அது நகரசபை வாடகைக்குக் கொடுக்கிற கவுன்சில் வீடு. 1930களில் வரிசையாகக் கட்டியவற்றில் ஒன்று, ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்த்த பஸ்தியாம்பிள்ளைக்கு அது கிடைத்த நாளிலிருந்தே குசினி மட்டும் ஒரு மாதிரிதான். ஹீற்றரை எவ்வளவு கூட்டினாலும் குளிரும். மெழுகுதிரி மணமும் நனைந்த கம்பளி மணமும் கலந்து வரும். புருசனும் பெண்சாதியும் ஹோலில் தொடங்கிய சண்டை குசினிக்குள் வந்ததும் குசுகுசுப்பாகிப் போகும், ஏனென்று இருவருக்கும் தெரியாது. மேரிறோஸ் இதற்கெல்லாம் வெள்ளைக்காரனுடைய சுண்ணாம்பையும் சுவர் ஈரத்தையும் குறை சொல்லிக்கொண்டு, பின்னேரம் ஆறு மணிக்கு அதே குசினியில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிவந்தாள். தோட்டத்துப் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லுவாள். ஊரில் அப்படித்தான், செபநேரத்தில் கதவைச் சாத்தினால் வருகிற ஆத்துமாக்களைத் திருப்பி அனுப்பிய மாதிரி என்று பெரியவர்கள் சொல்லி வளர்த்திருந்தார்கள். லண்டன் குளிருக்கு இது தேவையா என்று பஸ்தியாம்பிள்ளை கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார்.

அதிகாரிகள் திரும்பிப் போன கதை ஒரு கிழமைக்குள் அந்தப் பகுதி முழுக்கப் பரவியது. அதைக் கேட்டு முதலில் ஓடிவந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியரான மிஸ்டர் லொக்கியர். விஷயம் என்னவென்றால், இந்த வீடுகள் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் மார்லிங் எண்ட் என்றொரு கிராமம் இருந்தது. அந்தக் கிராமத்துக்குச் சொந்தமாக ஒரு கிறிஸ்தவக் கோயில் இருந்ததா இல்லையா என்று உள்ளூர் வரலாற்றுச் சங்கம் இரண்டு தலைமுறையாக அடிபட்டுக்கொண்டிருந்தது. இருந்தது என்ற கட்சிக்கு லொக்கியர் தலைவர். பழைய வரைபடத்தில் 'கோயில் வயல்' என்று ஒரு துண்டு இருக்கிறதே, அது சும்மா வருமா என்பது அவருடைய வாதம். இல்லை என்ற கட்சிக்கு மிஸிஸ் ஹோல்ரொய்ட் தலைவி. அந்த வயலின் குத்தகை பக்கத்து வுட்ஹேம் கிராமத்துக் கோயிலுக்குப் போனது, அதனால் அந்தப் பெயர், அவ்வளவுதான் என்பார் அவர். மார்லிங் எண்ட் சனம் ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் வுட்ஹேமுக்கே நடந்தது, செத்தவர்களையும் சேற்றுப் பாதையில் அங்கேதான் சுமந்தது, கொள்ளைநோய் வந்த வருடத்தில் சுமக்க ஆம்பிளைகள் இல்லாமல் பிணங்கள் காத்துக் கிடந்தன என்று அவர் எழுதியும் இருந்தார். சங்கத்தின் தேநீர் விருந்துகளில் இந்த இரண்டு கட்சியும் ஒரே மேசையில் உட்காருவதில்லை.

லொக்கியர் குசினிக்குள் வந்து, குளிரை அனுபவித்து, மெழுகு மணத்தை மூக்கு நிறைய இழுத்து, கண் கலங்கினார். இதுதான் அந்தக் கோயில் என்றார். கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்தவனைப் பிடிக்கக்கூடாது என்று இங்கிலாந்தில் முன்பு ஒரு சட்டம் இருந்ததாகச் சொன்னார். அந்தச் சட்டம் இப்போது இருக்கிறதா என்று பஸ்தியாம்பிள்ளை கேட்டார். அது ஒழிந்து முந்நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று, ஆனால் அது ஒழிந்த செய்தியை இந்தக் கோயிலுக்கு ஒருவரும் சொல்லவில்லைப் போல என்றார் லொக்கியர். இதைக் கேட்டு ஆறுதல்படுவதா பயப்படுவதா என்று வீட்டிலிருந்த மூவருக்கும் விளங்கவில்லை. யாராவது ஒருநாள் வந்து சொல்லிவிட்டால்?

இருந்தாலும் கோயில் என்றதும் மேரிறோஸுக்கு ஒரு தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தில் அவள் ஒரு பிழை விட்டாள். அவளுடைய ஊரில் கோயில் வாசல் தண்ணீரைப் பார்த்திருக்கும், பீடம் கரைப்பக்கம் இருக்கும், வேறு மாதிரி ஒரு கோயிலை அவள் கண்டதில்லை. இங்கே தோட்டத்துக்குப் பின்னால், கிழக்குப் பக்கத்தில், ஒரு சின்ன ஓடை ஓடியது. அப்படியானால் வாசல் ஓடைப்பக்கம், பீடம் தெருப்பக்கம், பீடத்தடிதான் எல்லாவற்றிலும் பத்திரமான இடம் என்று கணக்குப் போட்டு, தம்பியின் பாயை ஹோல் பக்கத்துச் சுவரோரமாக இழுத்துப் போட்டாள். அடுத்த தை மாதம் அதிகாரிகள் திரும்பி வந்தபோது சூசைதாசன் காய்ச்சலில் பகலில் படுத்திருந்தான். ஒருவர் வாசலில் குனிந்து அவனுடைய இரண்டு கணுக்கால்களையும் பிடித்துவிட்டார். இழுத்தார். முழங்கால் வரைக்கும் வந்தான். அதற்கு மேல் வரவில்லை, இடுப்பிலும் கக்கத்திலும் ஏதோ அவனை மறுபக்கம் இழுத்துப் பிடித்தது. அவன் கத்தினான், மேரிறோஸ் கத்தினாள், கடைசியில் அதிகாரியின் கையில் இரண்டு காலுறைகள் மட்டும் மிஞ்சின. இங்கிலாந்துக் கோயில்களில் பீடம் கிழக்கே இருக்கும் என்று லொக்கியர் பிறகு சொன்னார். அதை முதலே சொல்லித் துலைச்சிருந்தால் என்ன என்று மேரிறோஸ் தமிழில் ஏசினாள். அவனுடைய கக்கத்தில் விரல் பதிந்த தழும்புகள் இருந்ததை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு பயம் கூடியது. கோயிலின் எல்லை எதுவரை என்று தெரியாமல் அவன் எப்படி நடமாடுவான்? கக்கூஸ் மேல்மாடியில் இருந்தது. தமக்கை முன் யன்னலில் நின்று தெருவைப் பார்த்துத் தலையாட்டினால்தான் அவன் படியேறுவான். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் பாதியில் ஓடி இறங்குவான். அந்த வருடம் ஆனி மாதம் அந்தோனியார் திருநாள் வந்தபோது மேரிறோஸுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஊரில் திருநாளுக்குப் புனிதரின் சுருவத்தைக் கூட்டில் வைத்துக் கோயிலைச் சுற்றி வருவார்கள். இங்கே கோயில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சுற்றலாம்தானே. வானொலிப் பெட்டி வந்த அட்டைப்பெட்டியில் கூடு செய்து, ஒரு சாண் அந்தோனியாரை உள்ளே நிறுத்தி, ஆளுக்கொரு மெழுகுதிரியோடு புறப்பட்டார்கள். அன்று நல்ல காற்று. சில இடங்களில் திரிகள் உடனே அணைந்தன, சில இடங்களில் ஆடாமல் நேராக எரிந்தன. அணைகிற இடத்தையெல்லாம் பக்கத்து வீட்டுச் சிவனேஸ்வரி கோலம் போடுகிற மாவால் கோடிழுத்துக்கொண்டே வந்தார். முடிவில் பார்த்தால் எல்லை இவர்களுடைய குசினியையும் தோட்டத்தில் பாதியையும் அடக்கி, வேலியைத் தாண்டி, சிவனேஸ்வரி வீட்டுக் கீழ்மாடிக் குளியலறையை முழுதாக வளைத்திருந்தது. "அப்ப இனி உவர் இஞ்சையே வந்து குளிக்கட்டும், எங்கட பிள்ளையார் ஒண்டும் சொல்லமாட்டார்," என்றார் சிவனேஸ்வரி. வேலியில் இரண்டு பலகையைக் கழற்றினார்கள். இரண்டு வருடம் சூசைதாசன் அந்த மாக்கோட்டுக்குள் சமைத்து, குளித்து, பைப்படியில் மிளகாய்க் கன்று நட்டு, உடம்பு வைத்துக்கூடப் போனான். அதிகாரிகள் வந்து தள்ளிப் பார்த்துவிட்டுப் போவது மின்சார மீற்றர் பார்க்க ஆள் வந்து போவதைப்போல் ஆயிற்று.

இந்த நிம்மதியைக் குலைத்தவர் எதிரியல்ல, லொக்கியர்தான். தன் கட்சியின் வெற்றியை உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் அவர் சங்கத்தில் பிரேரணை கொண்டுவந்து, கவுன்சிலின் அனுமதி எடுத்து, தோட்டத்தைத் தோண்டிப் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டார். வீடு கவுன்சிலுடையது, பஸ்தியாம்பிள்ளை மறுக்க முடியாது. மேரிறோஸ் லொக்கியரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இருந்தது எண்டு நம்பிக்கொண்டு இருக்கிறதில உங்களுக்கு என்ன குறை? ஏன் கிண்டிப் பாக்கிறியள்?" என்றாள். பஸ்தியாம்பிள்ளை அதை ஆங்கிலத்தில் சொன்னார். உண்மை வெளிவந்தால் எல்லாருக்கும் நல்லது என்றார் லொக்கியர். கோயில் அகப்பட்டால் இடத்தைச் சுற்றி வேலி போட்டு எங்களை எழுப்பிவிடுவார்கள், அகப்படாவிட்டால் தம்பியின் கதி என்ன என்று இரண்டு பக்கமும் நினைத்து மேரிறோஸ் சாப்பிடுவதை விட்டாள். சூசைதாசன் மிளகாய்க் கன்றுகளைப் பிடுங்கிச் சட்டிகளில் மாற்றி நட்டான்.

1989 புரட்டாதியில் தோண்டினார்கள். தோட்டத்தின் பாதியை இடுப்பாழத்துக்கு இறக்கினார்கள். ஒரு கல் இல்லை, ஒரு ஓட்டுத் துண்டு இல்லை, எலும்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை. உழுத மண், அதன் கீழே களிமண், அதன் கீழே இன்னும் களிமண். அந்த இடத்தில் உலகம் உண்டான நாளிலிருந்து ஒருவரும் ஒரு சுவரும் எழுப்பியதில்லை என்று மிஸிஸ் ஹோல்ரொய்ட் அறிவித்தார். அவர் நல்ல பெண்மணி, வெற்றியைக் கொண்டாடவில்லை, லொக்கியருக்குத் தன்னுடைய பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். லொக்கியர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கோப்பையைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். மார்லிங் எண்டில் கோயில் இருந்ததில்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் அது படத்தோடு வந்தது.

பத்திரிகை வந்த மறுநாள் காலை அதிகாரிகள் வந்தார்கள். முன்பு வந்தவர்களே, பொலிஸ்காரரும் அவரே. முதல் அதிகாரி வாசலில் பழக்கதோஷத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். தள்ள ஒன்றும் இல்லாததால் தடுமாறிக் குசினிக்குள் வந்து விழப் பார்த்தார். பின்னால் மற்றவர் வந்தார். இருவரும் மெழுகு பூசிய தரையில் நின்று தங்கள் சப்பாத்துகளைத் தாங்களே பார்த்தார்கள். சூசைதாசன் தோட்டக் கதவுப் பக்கம் பின்வாங்கினான். இரண்டு அடி வைத்திருப்பான், முதுகு எதிலோ முட்டியது. ஈரமான கம்பளி. அதற்குள் ஒரு நெஞ்சு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவன் திரும்பினான், அந்தக் கணத்தில் அங்கிருந்த எல்லாருக்கும் அவர்கள் தெரிந்தார்கள்.

குசினியின் கிழக்குப் பாதி முழுக்கச் சனம். ஆண்களும் பெண்களும், முழங்கால் வரைக்கும் சேறு, சாம்பல் நிறக் கம்பளி உடுப்பு, முகங்களில் பசி. தோட்டத்தைத் தோண்டியதால் நிற்க இடமில்லாமல் உள்ளே வந்தவர்களைத் தாங்க, வாசலை மறித்து நின்றவர்களும் வாசலை விட்டு ஒதுங்கி, எல்லாரும் அடுப்புக்கும் அலுமாரிக்கும் இடையில் தோளோடு தோள் நெருங்கி நின்றார்கள். சுவர் என்று ஒன்று ஒருநாளும் இருக்கவில்லை. இத்தனை வருடமும் அதிகாரிகள் தள்ளிப் பார்த்தது இவர்களைத்தான், காற்றுப் படாமல் மெழுகுதிரியை மறைத்து நின்றதும் இவர்கள்தான், அவனைக் கக்கத்தில் பிடித்து இழுத்ததும் இவர்களுடைய விரல்கள்தான். மேரிறோஸ் தான் இவர்களுக்கு ஊடாகத் தினமும் உடுப்புக் காயப்போடப் போய்வந்ததை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாரும் கிழக்கே வுட்ஹேம் பக்கம் பார்த்து நின்றார்கள். நடுவில் ஒரு பாடை, துணியால் மூடிய சிறிய உடல். மூன்று மூலைக்கு ஆண்கள் தோள் கொடுத்திருந்தார்கள். நாலாவது மூலையை இரண்டு பெண்கள் கையால் தாங்கிக்கொண்டு நின்றார்கள். சுமக்க ஆள் குறைந்து, புறப்பட முடியாமல், அவர்கள் முந்நூற்றுச் சொச்சம் வருடமாக அங்கே நின்றிருக்கிறார்கள்.

சூசைதாசனுடைய ஊரில் ஒரு வழக்கம். தெருவில் பிரேதம் வந்தால், அது யாருடையதாக இருந்தாலும், வழக்குப் போட்டுக் கோடு கச்சேரி ஏறிய எதிரியுடையதாக இருந்தாலும், எதிரே வருகிற ஆம்பிளை அடுத்த வளைவு மட்டுமாவது தோள் கொடுக்க வேண்டும். அருள்நேசன் கடற்கரையில் கிடந்த அன்று ஒருவரும் போகவில்லை. கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூசைதாசனும் பார்த்துக்கொண்டிருந்தான். விசாரித்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னவன் இதை மட்டும் சொல்லவில்லை. இப்போது ஒரு பெண்ணின் கை வழுக்கி, பாடையின் மூலை சரிந்தது.

"தம்பி, அசையாதை, உதிலயே நில்!" என்று மேரிறோஸ் கத்தினாள்.

"சரியுது அக்கா. பாத்துக்கொண்டு நிக்க ஏலாது," என்றான் அவன். குனிந்து தோளைக் கொடுத்தான்.

பாரம் ஏறியதும் சனம் அசைந்தது. தோட்டப் பக்கம் குழி, ஆகவே ஹோல் வழியாகத்தான் போக வேண்டும். அதிகாரிகள் இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார், பிரேதம் போகும்போது அவருடைய ஊரில் செய்வது அது. முன்கதவால் இறங்கி, ஹெரன் குளோஸைத் தாண்டி, ஊர்வலம் பெருந்தெருவில் ஏறியது. சூசைதாசன் மாக்கோட்டைக் கடந்து வந்து, மூன்று வருடத்துக்குப் பிறகு தெருவில் நிற்கிறான். அவன் அழுதுகொண்டேதான் நடந்தான், பயத்தில். பஸ்கள் நின்றன. கடைப் பைகளோடு போனவர்கள் நடைபாதையில் ஒதுங்கினார்கள், சிலர் சிலுவை போட்டார்கள். பஸ்தியாம்பிள்ளை ஷிப்ட் முடிந்து எதிரே வந்தவர், மைத்துனனைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் பெற்றோல் நிலைய உடுப்போடு பின்னால் சேர்ந்தார். அதிகாரிகளும், தொப்பியைக் கையில் பிடித்த பொலிஸ்காரரும் பின்னால் வந்தார்கள். அவர்கள் விடுவதாக இல்லை.

வுட்ஹேம் கோயிலின் வடக்குப் பக்கத்தில், கல்லறை ஒன்றும் இல்லாத புல்லில், பாடையை இறக்கினார்கள். மண் தண்ணீரைப்போல விலகி வாங்கிக்கொண்டது. எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள், சூசைதாசனும் போட்டான். அருள்நேசா என்று ஒருமுறை சொன்னான். பிறகு கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தான். வேலை முடிந்தது, இனி இந்தச் சனம் போய்விடும், வாசலில் அதிகாரிகள் நிற்கிறார்கள், என் கதை சரி என்று நினைத்தான். ஓடவும் பெலன் இல்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கேற்றை நோக்கிப் போனான். முதல் அதிகாரி விலங்கை எடுத்துக்கொண்டு முன்னே வந்தார். ஒரு முழத் தூரத்தில் நின்றார். தோளால் தள்ளினார். பக்கவாட்டில் திரும்பினார். சேறும் கம்பளியும் மணத்தது. தங்கள் பிணத்துக்குத் தோள் கொடுத்தவனை வீடு வரைக்கும் கொண்டுபோய் விடாமல் போகிற வழக்கம் மார்லிங் எண்டிலும் இல்லை.

கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பிறகும் அவனை விட்டுப் போகவில்லை. அவர்களுக்கு வேறு அலுவல் இருக்கவில்லை, போகத் தங்களுக்கென்று ஒரு கோயிலும் இருக்கவில்லை. ஹெரன் குளோஸ் குசினி அன்றோடு சூடாகிவிட்டது, பஸ்தியாம்பிள்ளையும் மேரிறோஸும் போடுகிற சண்டை இப்போது தெருமுனை வரைக்கும் கேட்கும். அதிகாரிகள் இன்னும் சில தரம் முயன்றுவிட்டு, ஓய்ந்து, 1993இல் விசாவைக் கொடுத்துவிட்டார்கள். சங்கத்தின் சிறு புத்தகத்தில் கோயில் இருந்ததில்லை என்றே அச்சாகியது, லொக்கியரும் அதற்கு மறுப்பு எழுதவில்லை. சூசைதாசன் டூட்டிங்கில் வளர்ந்த டொலறஸைக் கட்டி, ஈஸ்ட் ஹாமில் ஒரு பலசரக்குக் கடை போட்டான். வீட்டில் ஆளில்லாத அறையில் இருமல் கேட்டு டொலறஸ் முதல் மாதம் தாய்வீட்டுக்கு ஓடியதும், பிறகு திரும்பி வந்ததும் அங்கே எல்லாருக்கும் தெரியும். பயம் போய்விட்டதா என்று கேட்டால் இல்லை என்பாள், அவனும் இல்லை என்பான். லிப்டில் தனியாக ஏறினால் கழுத்தில் மூச்சுப் படும். எத்தனை பேர் என்று அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்து எண்ணியதில்லை. எந்த இடத்துக்குள் போனாலும் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்பான். பின்னால் ஒருவரும் வராததைப் பார்த்துப் புது ஆட்கள் சிரிப்பார்கள். கடைசி ஆள் உள்ளே வந்ததும் சூசைதாசன் கதவைச் சாத்துவான்.